உங்களுக்குத் தெரியுமா? நிறவெறியை ஒழிக்கக் கிளம்பிய ராக்கெட்டுகள்

நிறவெறியை ஒழிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கையில் எடுக்காத கருவி இல்லை. தோலை வெளுக்கும் இயந்திரம், உலகையே மாற்றும் கனவு, சூரியனை அணைக்கும் வேற்றுக்கிரகவாசிகள், செவ்வாய்க்குக் கூண்டோடு குடிபெயர்தல்... இவற்றில் எது பலித்தது, எது பல்லிளித்தது? கதைகளுக்குள்ளும், அந்தக் கதைகளை அச்சிட்ட அலுவலகங்களுக்குள்ளும் ஒரு விறுவிறு உலா.

நமக்கு என்ன யோக்கியதை?

எச்.ஜி.வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ (1898) என்றதும் லண்டனைப் பொசுக்கும் செவ்வாய்வாசிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் ஆங்கிலேய வாசகர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். டாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் அழித்ததைச் சொல்லி, செவ்வாய்வாசிகளைக் குறைசொல்ல நமக்கு வாயிருக்கிறதா என்று கேட்கிறார். இந்த யோசனையைக் கொடுத்தவர் அண்ணன் ஃபிராங்க். நூலும் அவருக்கே காணிக்கை. ஒரு திருத்தம்: அந்த மக்கள் அடியோடு அழிந்துவிட்டார்கள் என்று வெல்ஸ் நம்பினார். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

வெளுக்க மூன்றே நாள்

1931-ல் கறுப்பின எழுத்தாளர் ஜார்ஜ் ஷைலர் எழுதிய நையாண்டி நாவல் ‘பிளாக் நோ மோர்’. டாக்டர் குரூக்மேன் ஒரு சிகிச்சையைக் கண்டுபிடிக்கிறார். மூன்று நாளில் கறுப்பர் வெள்ளையர் ஆகிவிடலாம். நியூயார்க்கின் ஹார்லெம் காலியாகிறது. முடியை நேராக்கும் கடை வைத்திருந்த அம்மாளின் பிழைப்பில் மண் விழுகிறது. முதல் ஆளாக வெளுத்த நாயகன் நேரே போய்ச் சேரும் இடம் எது தெரியுமா? வெள்ளை வெறியர்களின் சங்கம். அங்கே மேடையேறிக் காசும் பார்க்கிறான்!

உச்சக் குத்து கடைசியில் வருகிறது. சிகிச்சையால் வெளுத்தவர்கள் அசல் வெள்ளையரைவிட இரண்டு மூன்று படி அதிக வெளுப்பு என்று தெரியவருகிறது. அவ்வளவுதான், அதிக வெளுப்பு இப்போது இழிவாகிறது. ஊரே முகத்தில் கருமை பூசிக்கொள்ளத் தொடங்குகிறது. தோல் மாறியது. யாரையாவது கீழே வைத்தே தீரவேண்டும் என்ற அரிப்பு மட்டும் போகவில்லை.

ஊரெல்லாம் சாம்பல்

அர்சுலா லெ குவின் 1971-ல் எழுதிய ‘தி லேத் ஆஃப் ஹெவன்’ நாவலில் ஜார்ஜ் ஓர் என்பவர் காணும் கனவுகள் நிஜமாகிவிடும். அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹேபர், இதை வைத்தே உலகைத் திருத்திவிடலாம் என்று கிளம்புகிறார். இனப் பிரச்சினை இல்லாத உலகத்தைக் கனவு காணச் சொல்கிறார். விழித்துப் பார்த்தால் உலகம் முழுக்க மனிதர்கள் சாம்பல் நிறம். பிரச்சினை தீர்ந்தது!

ஆனால் ஜார்ஜுக்கு ஓர் ஆளைக் காணவில்லை. ஹெதர் என்ற வழக்கறிஞர். தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையர். ஹெதரின் பழுப்பு நிறம், சுள்ளென்ற பேச்சு, வீம்பு எல்லாம் அந்தப் பிறப்போடு பின்னிக் கிடந்தவை. நிறமே இல்லாத உலகத்தில் ஹெதர் பிறக்கவே வழியில்லை. வேற்றுமையைத் துடைத்தபோது அந்த மனுஷியும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிட்டார். ஹேபர் கெட்டவர் இல்லை, நல்லது செய்யத்தான் நினைத்தார் என்பதுதான் கதையின் முள்.

வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் வெள்ளை

1969 ஜனவரி 10 அன்று ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயத்தில் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். இருவருக்கும் முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பிறகு ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று விண்கலத்தில் இருப்பவர்களுக்குப் புரியவே இல்லை. ‘என்ன கேள்வி இது, எனக்கு வலப்பக்கம் கறுப்பு, அவனுக்கு வலப்பக்கம் வெள்ளை’ என்று எரிச்சலோடு விளக்குகிறார் ஒருவர். இந்தத் துரத்தல் 50,000 ஆண்டுகளாக நடக்கிறதாம். ஊர் திரும்பினால், இதே சண்டையில் மொத்தக் கிரகமும் செத்துக் கிடக்கிறது. அப்போதும் இருவரும் விடுவதாக இல்லை.

பழைய குருடி கதவைத் திறடி

சமூகவியல் அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் அறிவியல் புனைகதையும் எழுதியிருக்கிறார். 1920-ல் வெளியான ‘தி காமெட்’ கதையில், வங்கியின் கறுப்பினக் கடைநிலை ஊழியர் ஜிம், நிலவறைக்கு அனுப்பப்படுகிறார். அதற்குள் வால்மீன் வாயு நியூயார்க்கையே சாகடித்துவிடுகிறது. மேலே வந்தவர் பசியில் ஓர் உயர்தர உணவகத்துக்குள் நுழைந்து எடுத்துச் சாப்பிடுகிறார். நேற்றுவரை அங்கே அவருக்குப் பரிமாறியிருக்க மாட்டார்கள்.

பிழைத்த இன்னொரு ஆள் ஒரு பணக்கார வெள்ளைப் பெண். உலகில் தாங்கள் இருவர் மட்டுமே என்று நினைக்கும்போது நிறம் உதிர்ந்துபோகிறது. கொஞ்ச நேரம்தான். செத்தது நியூயார்க் மட்டுமே. பெண்ணின் தந்தையும் மணமகனாக வரவிருந்தவரும் வந்து சேர்கிறார்கள், கூடவே பழைய உலகமும். கூட்டத்தில் ஒருவன் ஜிம்மை அடித்துக் கொல்லவே துடிக்கிறான்.

இனி ராத்திரியில் என்ன செய்வீர்கள்?

ரே பிராட்பரியின் ‘தி மார்ஷியன் க்ரானிக்கிள்ஸ்’ (1950) நூலில் ஒரு கதை. அமெரிக்கத் தெற்கில் ஓர் ஊர். அங்குள்ள கறுப்பின மக்கள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு செவ்வாய்க்குக் கிளம்புகிறார்கள். கடைக்காரர் டீஸுக்குத் தாங்கவில்லை. கடனைச் சொல்லி ஒருவரை மறிக்கிறார். நடந்து போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கடனை அடைத்து மீட்டுக்கொண்டு போகிறார்கள். அவருடைய கடையில் வேலை பார்த்த பையன் வண்டியிலிருந்து ஒரு கேள்வியை வீசிவிட்டுப் பறக்கிறான்: இனி ராத்திரியில் என்ன செய்வீர்கள்? ராத்திரியில் கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிடப் போகும் கும்பலில் டீஸும் ஓர் ஆள். பின்னாளில் இந்த நூலின் சில பதிப்புகளில் இந்தக் கதையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே மறுபக்கம்

அதே பிராட்பரி 1951-ல் எழுதிய ‘தி அதர் ஃபுட்’ கதையில் செவ்வாய் கறுப்பர்களின் ஊர். இருபது ஆண்டுக்குப் பின் முதல் வெள்ளையர் வருகிறார் என்றதும், வில்லி என்பவர் டிராம் வண்டிகளின் பின்வரிசையில் ‘வெள்ளையருக்கு’ என்று பெயின்ட் அடிக்கிறார். கையில் தூக்குக் கயிறும் தயார். வந்த கிழவர் சொன்ன செய்தி வேறு: பூமி போரில் நாசமாகிவிட்டது, உதவி வேண்டும். வில்லியின் தந்தையைத் தூக்கில் தொங்கவிட்ட மரமும் போய்விட்டதாம். வில்லியின் கையிலிருந்த கயிறு நழுவுகிறது.

சூரியனுக்கு ஒரு ஸ்விட்ச்

1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008-ல் அங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கின் நாவல் ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’. எழுதியது 1953-ல், அதாவது அங்கே குடியேறும் முன். அதில் பூமியை ஆள வரும் வேற்றுக்கிரகவாசிகள் தென்னாப்பிரிக்காவின் இன ஒடுக்குமுறையை நிறுத்தச் சொல்கிறார்கள். கேட்காததால் கேப் டவுனுக்கு மேலே சூரியனை 30 நிமிடம் அணைக்கிறார்கள். மறுநாளே உரிமைகள் திரும்பக் கிடைக்கின்றன. ஆனால் கவனியுங்கள், உரிமை திரும்பப் பெறுவது வெள்ளைச் சிறுபான்மையினர்! ஆட்சி கைமாறி ஒடுக்குமுறையும் கைமாறியதாக அவர் கற்பனை செய்திருந்தார். நிஜத்தில் 1994-ல் ஆட்சி மாறியபோது நடந்தது தேர்தலும் சமரசமும்தான். சூரியன் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது.

பல்லியிலும் உயர்ந்த சாதி!

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1936-ல் எழுதிய ‘தவளைப்பல்லிகளுடன் போர்’ நாவலில், நீரிலும் நிலத்திலும் வாழும் அறிவுள்ள பல்லிகள் வருகின்றன. ஜெர்மானிய அறிஞர்கள் உடனே ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்கிறார்கள்: பால்டிக் கடலில் வளரும் பல்லி மற்றவற்றைவிட வெளுப்பு, நிமிர்ந்த நடை, உயர்ந்த இனம்! ஹிட்லர் ஆட்சியில் இருந்த காலத்தில் வந்த கேலி இது. சாப்பெக் 1938 டிசம்பரில் இறந்தார். அது அறியாமல் 1939-ல் நாஜி ரகசியப் போலீஸ் அவரைக் கைதுசெய்ய வீட்டுக்கே வந்தது. அண்ணன் யோசெஃப் நாஜி முகாமில் உயிரிழந்தார்.

ஒரு முகம், சில வியர்வைத் துளிகள்

1953-ல் இ.சி. காமிக்ஸ் வெளியிட்ட ‘ஜட்ஜ்மென்ட் டே’ ஏழு பக்கக் கதை. பூமியிலிருந்து ஓர் ஆய்வாளர் ரோபோக்களின் கிரகத்துக்குப் போகிறார். விண்மீன் கூட்டக் குடியரசில் அவர்களைச் சேர்க்கலாமா என்று பார்ப்பது அவர் வேலை. அங்கே ஆரஞ்சு ரோபோக்களுக்கு எல்லா வசதியும். நீல ரோபோக்களுக்கு பஸ்ஸில் பின்னிருக்கை, ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் தொழிற்சாலை. உள்ளே இருக்கும் பாகங்கள் எல்லாம் ஒன்றே, மேலுறையின் நிறம்தான் வேறு. உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கப்பலேறுகிறார் ஆய்வாளர். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பின மனிதர். முகத்து வியர்வைத் துளிகள் விண்மீன்கள்போல மின்னுகின்றன.

நாயகன் மட்டும் வெள்ளையாக இருக்கட்டுமே!

மேலே சொன்ன கதைக்கு இரண்டாம் அத்தியாயம் உண்டு. 1954-ல் அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகங்களுக்குத் தணிக்கை வாரியம் வந்தது. இந்தக் கதையை மறுபடி அச்சிட முயன்றபோது வாரியத் தலைவர் சார்லஸ் மர்ஃபி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். கதையே அதற்காகத்தானே என்று வாதாடினார்கள். சரி, அந்த வியர்வையையாவது எடுத்துவிடுங்கள் என்றாராம். பதிப்பாளர் பில் கெய்ன்ஸ், விஷயத்தை ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி, ஒரு கோடுகூட மாற்றாமல் அச்சிட்டார். 1956 தேதியிட்ட அந்த இதழோடு இ.சி. காமிக்ஸ் புத்தகம் போடுவதையே நிறுத்தியது. கைவசம் மிஞ்சியது ‘மேட்’ என்ற நகைச்சுவை இதழ் மட்டுமே.

ஆசிரியர் மேஜையின் நிறம்

சாமுவேல் டிலேனி ‘நோவா’ நாவலை எழுதியபோது அவருக்கு ஏறக்குறைய 25 வயதுதான். அதற்குள் நெபுலா விருது வந்துவிட்டது. தொடராக வெளியிடக் கேட்டு ‘அனலாக்’ இதழுக்கு அனுப்பினார் அவருடைய முகவர். புகழ்பெற்ற ஆசிரியர் ஜான் கேம்பல் முகவரைத் தொலைபேசியில் அழைத்து, கதை பிடித்திருக்கிறது, ஆனால் கறுப்பின நாயகனை என் வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்றாராம். டிலேனியே பின்னர் எழுதியது இது. ஒளியை மிஞ்சும் வேகத்தில் போகும் கப்பலை நம்பிய வாசகருக்கு, அதன் மாலுமியின் தோலை நம்ப முடியாதாம்! நாவல் 1968-ல் நூலாக வந்து நிலைத்துவிட்டது.

விலகப் போனவரைத் தடுத்த ரசிகர்

ஸ்டார் ட்ரெக்கின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். முதல் ஆண்டு முடிந்ததும் மேடை நாடகத்துக்குத் திரும்ப நினைத்து விலகல் கடிதமும் கொடுத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் ஒரு நிதி திரட்டும் விழா. உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்றார்கள். திரும்பினால் நிற்பவர் மார்ட்டின் லூதர் கிங்! விலகப் போவதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. வீட்டில் பிள்ளைகளைக் கண்விழித்துப் பார்க்க விடும் ஒரே நிகழ்ச்சி அதுதான் என்றும், வேலைக்காரியாக அல்லாமல் சமமான அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண்ணை நாடு பார்க்கிறது, போகாதீர்கள் என்றும் சொன்னதாக நிக்கல்ஸ் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். திங்கட்கிழமை கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நடிகை சேர்த்த விண்வெளி வீரர்கள்

1977-ல் நாசாவுக்கு ஆள் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பை அதே நிக்கல்ஸ் ஏற்றார். பெண்களும் சிறுபான்மையினரும் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1978-ல் அறிவிக்கப்பட்ட 35 பேர் அணியில் ஆறு பெண்களும் மூன்று கறுப்பினத்தவரும் இருந்தார்கள். சிறுமியாக உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-ல் விண்ணுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்டார் ட்ரெக் தொடரிலேயே ஒரு சின்ன வேடத்தில் வந்துபோனார்.

சாப்பாட்டு வேளையில் சாதி

‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ (1968) படப்பிடிப்பில் யாரும் சொல்லாமலே ஒன்று நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கொரில்லா வேடக்காரர்கள் ஒரு மேஜை, சிம்பன்சிகள் ஒரு மேஜை, ஒராங்குட்டான்கள் ஒரு மேஜை என்று தாமாகவே பிரிந்து உட்கார்ந்தார்களாம். நடித்தவர்களே வியந்து சொன்ன செய்தி. வேடம் கலையும்வரைதான் அந்த ‘இனம்’.

ஆண் போயிருந்தால் செத்திருப்பான்

ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரட்’ (1979) நாவலில், 1976-ன் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பின எழுத்தாளர் திடீர் திடீரென அடிமைமுறை நிலவிய மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறார். அங்கே அவர் காப்பாற்ற வேண்டியது ஓர் அடிமைச் சொந்தக்காரனை. அவன் செத்தால் டேனாவின் வம்சமே இருக்காது! முதலில் பட்லர் ஓர் ஆணைத்தான் அனுப்ப நினைத்தார். நிமிர்ந்து பார்க்கும் ஒரு கறுப்பின ஆணை அந்தக் காலம் உயிரோடு விட்டுவைக்காது, கதை நகராது என்று உணர்ந்து பெண்ணாக மாற்றினார். முன்னோர் ஏன் எதிர்க்கவில்லை என்று சுலபமாகக் கேட்பவர்களுக்கு இந்த நாவல் பதில். கடைசிப் பயணத்திலிருந்து டேனா முழுதாகத் திரும்பவில்லை. ஒரு கை அந்தக் காலத்திலேயே போய்விடுகிறது.

ஓட்டுப் போட்டு விற்றார்கள்

ஹார்வர்டு சட்டப் பேராசிரியராக இருந்த டெரிக் பெல் 1992-ல் எழுதிய ‘தி ஸ்பேஸ் ட்ரேடர்ஸ்’ கதையில், 2000 ஜனவரி 1 அன்று வேற்றுக்கிரக வணிகர்கள் அமெரிக்காவில் இறங்குகிறார்கள். கடனை அடைக்கத் தங்கம், மாசு நீக்கும் ரசாயனம், ஆபத்தில்லாத அணுசக்தி எல்லாம் தருவார்கள். விலை? நாட்டின் கறுப்பின மக்கள் அனைவரும். பெருவணிகர்கள் எதிர்க்கிறார்கள், வாடிக்கையாளர் குறைந்துவிடுவார்களே என்று. வாக்கெடுப்பில் 70 சதவீதம் சம்மதம். கப்பல்கள் கிளம்பும் நாள், மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாள்.

நிஜப் பேட்டி, பொய்க் கேள்வி

‘டிஸ்ட்ரிக்ட் 9’ (2009) படத்தின் பெயர், கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை நினைவூட்டுவது. 1966-ல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு 60,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து விரட்டப்பட்டார்கள். இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப் இதற்கு முன்னோடியாக எடுத்த குறும்படத்தில், ஜோகன்னஸ்பர்க் மக்களிடம் ஜிம்பாப்வே, நைஜீரியாவிலிருந்து வந்தவர்களைப் பற்றிக் கேட்டார். அவர்கள் கொட்டிய நிஜ வெறுப்பு, படத்தில் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய பேச்சாகப் பொருந்தியது. ஒரு வார்த்தைகூட மாற்றத் தேவைப்படவில்லை. ஆனால் படத்தில் நைஜீரியர்களைக் கொள்ளைக் கும்பலாகவும் நரமாமிசம் தின்பவர்களாகவும் காட்டியதால் நைஜீரிய அரசே கொதித்தது. இனவெறியைக் கண்டிக்கும் படத்துக்கும் இனவெறிக் குற்றச்சாட்டு!

வகாண்டாவின் பாட்டனார்

‘பிளாக் பேந்தர்’ நாயகன் காமிக்ஸில் அறிமுகமானது 1966 கோடையில். அதே பெயர் கொண்ட அரசியல் கட்சி தொடங்கியது அக்டோபரில்தான். ஆனால் அவனுடைய நாடான வகாண்டாவைப்போல ஒளிந்திருக்கும் கறுப்பின அரசு என்ற கற்பனை அதைவிட மூத்தது. 1899-லேயே சட்டன் கிரிக்ஸ் தம் நாவலில் டெக்சாஸில் ஒரு ரகசிய கறுப்பின அரசாங்கத்தை நடத்திக் காட்டினார். 1902-ல் பாலின் ஹாப்கின்ஸ் எழுதத் தொடங்கிய தொடர்கதையில் எத்தியோப்பியாவுக்குள் ஒரு மறைந்த நகரமே இருந்தது.

கோப்பையில் இருந்த தலை

உலக மிகுபுனைவு விருதின் சிலை பல ஆண்டுகளாக எழுத்தாளர் லவ்கிராஃப்டின் தலை. அவர் பச்சையான இனவெறியர். 2011-ல் அந்த விருதை வென்ற நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர், இந்த மனிதரின் தலையையா நான் வீட்டில் வைப்பது என்று வெளிப்படையாக எழுதினார். 2015-ல் அந்தச் சிலை கைவிடப்பட்டது. டிலேனியின் நாவலை மறுத்த ஜான் கேம்பலின் பெயரில் இருந்த புதுமுக எழுத்தாளர் விருதும் 2019-ல் பெயர் மாறியது. இடையில் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று முறை சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை வென்றார் கறுப்பினப் பெண் எழுத்தாளர் என்.கே. ஜெமிசின். அதற்கு முன் யாருமே செய்யாத சாதனை. கல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மொண்டல், பட்லருக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பைச் சேர்ந்து பதிப்பித்ததற்காக 2018-ல் ஹியூகோ இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார்.

பிளாஸ்திரிக்கு என்ன நிறம்?

பிரிட்டிஷ் எழுத்தாளர் மாலரி பிளாக்மேனின் ‘நாட்ஸ் அண்ட் கிராஸஸ்’ (2001) நாவலில் கறுப்பர்கள் ஆள்கிறார்கள், வெள்ளையர்கள் ஆளப்படுகிறார்கள். அந்த உலகத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி கரும்பழுப்பில் மட்டுமே கிடைக்கும். வெள்ளைச் சிறுமியின் நெற்றியில் அது துருத்திக்கொண்டு தெரிகிறது. வெளிர் இளஞ்சிவப்புப் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே வளர்ந்த பிளாக்மேனுக்குத்தான் இப்படித் திருப்பிப் போடத் தோன்றும்.

கால இயந்திரத்துக்கு வேலை இல்லை

அதே பிளாக்மேன் இணைந்து எழுதி 2018-ல் ஒளிபரப்பான ‘டாக்டர் ஹூ’ அத்தியாயம் ‘ரோசா’. 1955 டிசம்பர் 1, மாண்ட்கோமரி நகரம். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழக் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் மறுக்கும் நிகழ்ச்சியே நடக்காமல் செய்ய எதிர்காலத்திலிருந்து ஒரு வெள்ளை வெறியன் வருகிறான். அவனைத் தடுக்கக் காலப்பயணியான டாக்டரின் குழு ஓடி ஓடி உழைக்கிறது. கடைசியில் அவர்களே அந்த பஸ்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள். இறங்கவும் முடியாது. பஸ்ஸில் வெள்ளையர் கூட்டம் நிறைந்தால்தான் ஓட்டுநர் ரோசாவை எழச் சொல்வார். ஆகவே அவர்கள் இருக்கையை அடைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழுவில் இருந்த கிரஹாமின் மறைந்த மனைவி கறுப்பினப் பெண். இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவர் தவிக்கிறார், ஆனாலும் உட்கார்கிறார்.

தோல் இயந்திரம், கனவு, வால்மீன் எல்லாம் தோற்ற இடத்தில், காலத்தையே தாண்டி வந்தவர்களுக்கும் கிடைத்த வேலை குறுக்கே வராமல் இருப்பதுதான். மாட்டேன் என்று சொல்ல வேண்டியவர் தையல் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 42 வயதுப் பெண். அவர் சொன்னார். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக ஊரின் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள், சட்டம் மாறியது.